குப்பை போடாத மரம் வேண்டுமாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் நெருங்கினாலே பத்திரிகைகளில் மரக்கன்று நடும் படங்கள் வர ஆரம்பித்துவிடும். ஒரு குழி, அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர், நடுவில் முழங்கால் உயரக் கன்று, ஒருவர் கையில் பூவாளி. நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்களில் நான் மனிதர்களை விட்டுவிட்டுக் கன்றைத்தான் உற்றுப் பார்ப்பேன், என்ன மரம் என்று. பாதிப் படங்களில் அது அழகுக்கு வைக்கிற ஏதோ ஒரு வெளிநாட்டு மரமாக இருக்கும். மீதியில் நம் மரம்தான், ஆனால் நேர் மேலே மின்கம்பி போகும், இல்லாவிட்டால் பின்னால் மூன்றடியில் காம்பவுண்டுச் சுவர் நிற்கும்.

இந்தக் கடிதம் எழுதக் காரணம் அந்தப் படங்கள் இல்லை. எங்கள் தெருமுனையில் ஒரு அத்தி மரம் இருந்தது. யாரும் நட்டதில்லை, பறவை போட்ட விதை. இருபது வருடத்தில் தெருவின் அந்த முனையே நிழலாகிவிட்டது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரம்பச் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தால் பாதி மரம் தரையில் கிடந்தது. யார் சொன்னார்கள், யார் அனுமதி கொடுத்தார்கள் என்பதற்குள் போகவில்லை, அது முடிந்த கதை. சொன்ன காரணம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. "ஒரே குப்பைங்க. பழம் விழுது, கார் மேல எச்சம் போடுது, ராத்திரி ஆனா வௌவால் வருது." இப்போது அதே இடத்தில் கார் வெயிலில் காய்கிறதென்று தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் தொட்டியில் நாலு செடி. இலையே உதிராத ரகமாம்.

பறவைக்கும் பூச்சிக்கும் அணிலுக்கும் இடம் கொடுக்கிற பெரிய நிழல் மரம் ஒன்று வேண்டுமென்றால், அது குப்பை போடத்தான் செய்யும். உதிர்ந்த பழம், ஓட்டை விழுந்த இலை, சருகு, எச்சம், பட்டுப்போன கிளை என்று நாம் முகம் சுளிக்கிற ஒவ்வொன்றும் அங்கே யாரோ சாப்பிட்டதற்கும் குடியிருப்பதற்கும் சாட்சி. இதை ஏற்றுக்கொள்ள முடியாதென்றால் பேசாமல் தகரக் கூரையே போட்டுக்கொள்ளலாம், தண்ணீர்ச் செலவாவது மிச்சம்.

இலையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் மரம் வளர்க்கிறவன் என்று தெரிந்து அடிக்கடி யாராவது போன் செய்வார்கள், "கன்றில் புழு விழுந்துவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று. ஒன்றும் அடிக்க வேண்டாம் என்றால் நம்புவதில்லை. புங்க இலையைத் திருப்பிப் பார்த்தால் முண்டும் முடிச்சுமாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்கிற வேலை அது, மரத்துக்கு ஒன்றும் ஆகிவிடுவதில்லை. ஆல், அத்தி இலைகளை ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும், இறக்கை ஓரத்தில் வெள்ளைப் புள்ளி இருக்குமே, தோட்டத்தில் சாவகாசமாக மிதந்து போகுமே, அதேதான். அதன் கூட்டுப்புழு இலைக்கு அடியில் வெள்ளியில் வார்த்த தோடு மாதிரி தொங்கும். ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் மருந்து டப்பாவைத் தொட மனசு வராது. மருத மரத்து இலையைத் தின்று வளர்கிற புழுவிலிருந்துதான் டசர் பட்டே வருகிறது.

இந்தப் புழுக்களை நம்பித்தான் பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டுகிறது, குஞ்சு வளர அதில்தான் சத்து. கூடு வைக்கப் பெட்டி மாட்டுகிறோம், அரிசி தூவுகிறோம், புழு வருகிற மரத்தை மட்டும் வெட்டிவிடுகிறோம்.

நாட்டு மரம், நாட்டு மரம் என்று சொல்வதற்கு இதுதான் அர்த்தம், வேறு பெருமை எதுவும் இல்லை. ஒவ்வொரு மரமும் தன்னைத் தின்ன விடாமல் இலையில் ஏதாவது பாலோ கசப்போ வைத்திருக்கும். அதைச் செரிக்கப் பழகிய பூச்சிகள் அந்த மரத்தோடு காலங்காலமாகச் சேர்ந்து வாழ்ந்தவை. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகரைத் தின்ன இங்குள்ள பூச்சிகளில் ரொம்பச் சிலதான் பழகியிருக்கின்றன, அதனால் அதன் இலை பளிச்சென்று இருக்கிறது, அதைப் பார்த்து நாம் "ஆரோக்கியமான மரம்" என்கிறோம். கோனோகார்ப்பஸ் என்கிற இன்னொரு வெளிநாட்டு மரத்தின் கதையும் இப்படித்தான். சீக்கிரம் வளரும், பச்சைச் சுவர் மாதிரி நிற்கும் என்று சாலை நெடுக வைத்தார்கள், அப்புறம் 2023ல் குஜராத் அரசு அதை நடவே கூடாதென்று தடை போட்டது. அதற்காக எல்லா வெளிநாட்டு மரத்தையும் வெட்டித் தள்ளச் சொல்லவில்லை. தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், ஆனால் வயதான தூங்குமூஞ்சி மரத்தில் கொக்குக் கூட்டம் கூடு கட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் புளிய மரமே எப்போதோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்ததுதான். நிற்கிற பெரிய மரம் எதுவானாலும் நிற்கட்டும். புதிதாக நடுகிற குழிக்கு மட்டும்தான் என் பேச்சு.

இடம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்கிற மரம் ஆலும் அதன் உறவுகளும்தான், அதாவது அரசு, அத்தி, இச்சி. "அத்தி பூத்தாற்போல" என்று அரிதான விஷயத்துக்குச் சொல்கிறோம், உண்மையில் அத்தி வருடத்துக்குப் பல தடவை பூக்கிறது. பூ வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். நாம் காய் என்று நினைக்கிற அந்த உருண்டைக்குள்தான் நூற்றுக்கணக்கான பூக்கள் உள்பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. அதற்குள் போய் மகரந்தம் சேர்க்க ஒரு குட்டிக் குளவி, எறும்பைவிடச் சின்னது. பெண் குளவி நுனித் துவாரம் வழியாக நெருக்கிக்கொண்டு நுழையும்போதே இறக்கை பிய்ந்துவிடும். உள்ளே மகரந்தத்தைச் சேர்த்து முட்டையிட்டு அங்கேயே செத்துவிடும். குஞ்சுகளில் ஆணுக்கு இறக்கையே கிடையாது, பெண்ணோடு சேர்ந்துவிட்டு வெளியேற வழி குடைந்து கொடுப்பதோடு அதன் வாழ்க்கை முடிகிறது. பெண் குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு பறந்து, சரியான பருவத்தில் பிஞ்சு விட்டிருக்கிற இன்னொரு மரத்தைத் தேடிப் போக வேண்டும். அதற்கு இருக்கிற ஆயுள் ஒன்றிரண்டு நாள்தான். ஆலுக்கென்று ஒரு குளவி, அரசுக்கென்று வேறொன்று, பெரும்பாலும் ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

இந்தக் கணக்குப்படி பார்த்தால், ஒரு வட்டாரத்தில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு ஆலமரம் பிஞ்சு விட்டிருந்தால்தான் குளவி பிழைக்கும். அதனால்தான் எல்லா ஆலும் ஒரே மாதத்தில் பழுப்பதில்லை. இந்த மரம் இப்போது, அந்த மரம் இரண்டு மாதம் கழித்து. காட்டில் வேறு பழமே இல்லாத நாட்களிலும் எங்கோ ஒரு ஆலோ அத்தியோ பழுத்துக்கொண்டிருக்கும், பழம் தின்கிற பறவைகள் அந்த நாட்களை அதை வைத்துத்தான் ஓட்டுகின்றன. பழுத்த ஆலமரத்தடியில் காலை அரைமணி நேரம் சும்மா நின்று பாருங்கள். குயில், மைனா, சின்னான், பச்சைப்புறா, குளிர்காலமென்றால் மாங்குயில். செம்மார்புக் குக்குறுவான் கன்னான் தட்டுகிற மாதிரி "டுக், டுக்" என்று ஒரே தாளத்தில் கூப்பிட்டுக்கொண்டிருக்கும், ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் கழுத்து வலித்துவிடும். இருட்டினால் வௌவால்களின் முறை. ஆகவே ஊருக்கு ஒரு ஆலமரம் இருக்கிறதே, போதாதா என்று கேட்காதீர்கள். போதாது.

கன்றுக்கு எங்கே போவது என்றும் கேட்பார்கள். உங்கள் மொட்டைமாடிக்குப் போங்கள். தண்ணீர்த் தொட்டி விரிசலில், மழைநீர்க் குழாய் ஓரத்தில், பழைய கிணற்றுச் சுவரில், பறவை எச்சத்தோடு விழுந்த விதை முளைத்துத் தலை நீட்டிக்கொண்டிருக்கும். இலை நுனி வாலாக நீண்டிருந்தால் அரசு, தடித்து அகலமாக இருந்தால் ஆல். சுவரைப் பிளக்கும் என்று அதில் ஆசிட் ஊற்றுகிறார்கள், பாவம். நல்ல மழைக்கு மறுநாள் காரையைக் கொஞ்சம் தட்டிவிட்டு மெதுவாக இழுத்தால் வேரோடு வந்துவிடும். ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து, பாதி இலையைக் கிள்ளிவிட்டு, மண்ணும் மணலும் கலந்த பையில் வைத்து ஒரு மாதம் நிழலில் விடுங்கள். எல்லாம் பிழைக்காது, பாதி பிழைக்கும். சுவரும் தப்பியது, கன்றும் கிடைத்தது.

போத்து நடுவது இன்னொரு வழி. மணிக்கட்டுப் பருமனில் ஆறேழு அடிக் கிளையாக வெட்டி, பால் வடிந்து காயும் வரை நிழலில் கிடத்தி, மேல் வெட்டில் சாணியும் களிமண்ணும் குழைத்து அப்பி, இரண்டடி ஆழத்தில் ஊன்றி மண்ணை நன்றாகக் கெட்டித்துவிட வேண்டும். ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் துளிர் வரும் என்பதுதான் இதில் பெரிய லாபம். விதைக் கன்றுக்கு இறங்குகிற மாதிரி ஆணிவேர் இதற்கு இறங்காது, பக்கவேர்தான் ஓடும், ஆலுக்கு விழுது இருப்பதால் அது அவ்வளவு பெரிய குறையாகத் தெரிவதில்லை.

நான் முதலில் வைத்த ஆல் செத்துப்போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நர்சரியில் இருந்ததிலேயே உயரமான கன்றாகப் பார்த்து வாங்கினேன், ஐந்தடி. இரண்டு வருடம் ஒரு அங்குலம் வளரவில்லை, ஒரு காற்றில் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்கப் பானைக்கு அடியில் வைக்கிற பிரிமணை மாதிரி வட்டமாகச் சுருண்டு கிடந்தது. வருடக்கணக்காகப் பையிலேயே இருந்த கன்று, வேர் போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது, நானும் அப்படியே குழியில் இறக்கிவிட்டேன். உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், சின்னக் கன்று இரண்டு மூன்று வருடத்தில் அதைத் தாண்டிவிடும். சுருண்ட வேர் இருந்தால் நடும்போதே பிரித்துவிடுங்கள், பிரியாததை வெட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமலே நடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதற்கு நான் என்ன சொல்ல.

தண்ணீர் விஷயத்திலும் தப்பு செய்தேன். தினமும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன், கடமை தவறாமல். மேல்மண் மட்டும் நனைந்ததால் வேரும் மேலேயே நின்றுவிட்டது, நான் ஒரு வாரம் வெளியூர் போனதும் வாடிவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு குடம், மெதுவாக இறங்குகிற மாதிரி ஊற்றினால் வேர் அதைத் தேடிக் கீழே போகும். பாத்தியை வருடா வருடம் வெளிப்பக்கமாக அகலப்படுத்த வேண்டும், தண்ணீர் தண்டுக்கு இல்லை, வேர் நுனிக்கு. இப்படி மூன்று கோடை தாண்டிவிட்டால் அப்புறம் அது நம்மைக் கேட்காது. நான் அடுத்து ஊன்றிய நாலு போத்தில் இரண்டு பிடித்தது. அதில் ஒன்று இன்று ஒரு பொதுத்திடலின் ஓரத்தில் நிற்கிறது, காய்க்க ஏழெட்டு வருடம் ஆயிற்று.

அந்த மரத்தடியில் தினமும் காலையில் சுத்தமாகப் பெருக்கிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது. ஒரு மழைக்காலத்தில் முதுகு பிடித்துக்கொண்டதால் இரண்டு மாதம் பெருக்கவில்லை. சருகு நாலு விரல்கடை சேர்ந்துவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுச் சேர்ந்து, சண்டை போடுகிற மாதிரி கத்திக்கொண்டு, சருகு சருகாகத் திருப்பிப் போட்டுப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. அடியில் மண் ஈரமாக இருந்தது, மண்புழு இருந்தது. அன்றோடு துடைப்பத்தை வைத்துவிட்டேன். விவசாயிகள் மூடாக்கு என்று காசு செலவழித்துப் போடுவதை மரம் தானாகவே போடுகிறது, நாம்தான் கூட்டி அள்ளி எரிக்கிறோம். பாம்பு வருமே என்பார்கள். சருகைக் குவியலாகக் குவித்து வைத்தால் வரலாம், பரவலாக விட்டால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, தண்டை ஒட்டி ஒரு சாண் மட்டும் விலக்கிவிடுங்கள். நடைபாதையில் விழுந்ததைக் கூட்டித் திரும்ப மரத்தடியிலேயே போட்டால் தெருவும் சுத்தமாக இருக்கும்.

இனி இடம். ஆலமரத்தை வீட்டுக்கு முன்னால் வைக்காதீர்கள், அது மரத்துக்கும் கஷ்டம் வீட்டுக்கும் கஷ்டம். எந்தக் கட்டடத்திலிருந்தும் அறுபதடியாவது தள்ளி, மேலே கம்பி இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். பள்ளி மைதானத்தின் ஓரம், மேய்ச்சல் நிலம், பெரிய வளாகங்களில் சும்மா கிடக்கிற மூலை, இப்படி. தெருவுக்குப் புங்கம் போதும், பூத்தால் தேனீ மொய்க்கும், கோடை ஆரம்பத்தில் இலை உதிர்த்து வெயில் ஏறுவதற்குள் புதுத் தளிரோடு தயாராகிவிடும். ஈரம் நிற்கிற இடமென்றால் மருதம் அல்லது நாவல். பொறுமைசாலிகளுக்கு இலுப்பை. வளர நேரம் எடுக்கும், ஆனால் ராத்திரியில் அதன் சதைப்பற்றான பூவுக்கு வௌவால்கள் வருவதைப் பார்க்கக் காத்திருக்கலாம். கன்று சின்னதாக இருக்கிறதே என்று எட்டடிக்கு ஒன்றாக நெருக்கி நடுகிறார்கள். ஐம்பது வருடம் கழித்து அது எவ்வளவு அகலம் இருக்கும் என்று தரையில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டுக் குழி தோண்டினால் நல்லது.

ஆல் வைத்தவர்கள் விழுதை வெட்டாதீர்கள். தலையில் இடிக்கிறது, பிள்ளைகள் தொங்குகிறார்கள் என்று ஆள் உயரத்தில் நறுக்கிவிடுகிறார்கள், அப்புறம் கிளை தாங்க ஆளில்லாமல் முறிந்து விழுந்தால் ஆலமரம் ஆபத்து என்கிறார்கள். சென்னை அடையாறில் தியசாபிகல் சொசைட்டி வளாகத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989ல் விழுந்துவிட்டது, மரம் இன்னும் விழுதுகளில் நிற்கிறது. கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுரா தாவரவியல் பூங்காவில் இருக்கிற பெரிய ஆலில் பூஞ்சை நோய் வந்து 1925லேயே தாய்த்தண்டை எடுத்துவிட்டார்கள். நூறு வருடமாக நடுத்தண்டே இல்லாமல் ஒரு சின்னக் காடு மாதிரி அது பரவிக்கொண்டிருக்கிறது. தொங்குகிற விழுதை ஒரு மூங்கில் குழாய்க்குள் விட்டு, மண் போட்டு ஈரமாக வைத்தால் தரையைப் பிடித்துக்கொள்ளும். நான் இரண்டு விழுதை இப்படி இறக்கியிருக்கிறேன்.

பட்ட கிளையும் அப்படித்தான். கீழே ஆள் நடமாட்டம் இருந்தால் எடுத்துவிட வேண்டியதுதான், அதில் மறுபேச்சு இல்லை. நடமாட்டம் இல்லாத பக்கமென்றால் விட்டுவிடுங்கள். குக்குறுவான் பச்சைக் கட்டையில் மல்லுக்கட்டாது, மக்கிய கிளையில்தான் வட்டமாக ஓட்டை போட்டுக் குடியேறும். மரங்கொத்தி விட்டுப்போன பொந்துக்கு மைனாவும் கிளியும் அடித்துக்கொள்ளும். பழைய மரத்துப் பொந்தில் புள்ளி ஆந்தை இருந்தால் எலித்தொல்லையும் கொஞ்சம் குறையும்.

கடைசியாக ஒன்று. மரத்தடியைச் சுற்றித் தண்டு வரைக்கும் சிமெண்ட் பூசுகிறார்கள், டைல்ஸ்கூடப் பதிக்கிறார்கள். வேருக்குக் காற்றும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். 2013ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கிற கான்கிரீட்டை எல்லாம் எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. டெல்லி மரத்துக்கு ஒரு மீட்டர் வேண்டுமென்றால் நம் மரத்துக்கும் வேண்டும்தானே. பெரிய மரமென்றால் ஒரு மீட்டரே பத்தாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மரக்கன்று நட்ட படத்தைத் தாராளமாகப் போடுங்கள், கூடவே அது என்ன மரம் என்று ஒரு வார்த்தை சேருங்கள். மூன்று கோடை கழித்து ஒரு நிருபரை அதே குழிக்கு அனுப்பி இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள், ஆட்கள் யாரும் தேவையில்லை, கன்று மட்டும் போதும். அதில் இலையெல்லாம் ஓட்டையாக இருந்தால் நல்ல இலையாகத் தேடிப் படம் எடுக்க வேண்டாம், ஓட்டை இலையையே கிட்டப் போய் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்